உடைவதற்கென்றே செய்த கொம்பு

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் அரண்மனையில் ஆங்கிலேயர் கையில் ஒரு மரப்புலி சிக்கியது. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே துருத்திகள் காற்றைத் தள்ளும்; புலி உறுமும்; அதன் அடியில் கிடக்கும் வெள்ளைக்காரன் கையை உயர்த்தி ஓலமிடுவான். அந்தப் பொறி இன்றைக்கும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கும் நாலாயிரம் ஆண்டு மூத்தது மொகஞ்சதாரோவில் கிடைத்த மண் காளை. அதன் தலை தனியாகச் செய்யப்பட்டு, அசையும்படி உடலோடு பூட்டப்பட்டது. சுட்ட மண் மண்ணுக்குள் கிடந்தும் அழியாது. அரசனின் மரப்புலியைக் காவல் போட்டுக் காப்பாற்றினார்கள்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் செய்யப்பட்ட விளையாட்டுப் பொருள்களுக்கு இந்த இரண்டு பாக்கியமும் வாய்க்கவில்லை. 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்த வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பிள்ளைகளுக்குக் கிடைத்தவை ஓலை, ஈர்க்கு, குரும்பட்டி, சிரட்டை, பனங்காய். எல்லாம் ஒரு மாரிக்குத் தாங்காதவை. அதனால் அவற்றில் தொழில்நுட்பம் இல்லை என்று நினைப்பது பெரும் பிழை.

பனங்காய் வண்டிலைப் பாருங்கள். ஒத்த அளவில் இரண்டு காய்களைத் தேர்ந்து, ஒரு தடியின் இரு முனையிலும் செருகினால் அச்சும் சில்லும் தயார். அந்த அச்சைக் கவைத் தடியால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு காய் சிறுத்துவிட்டால் வண்டில் வட்டமடிக்கும், நேரே போகாது. இதை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுக்கவில்லை, கைதான் கற்றுக்கொண்டது. ஓலைக் காற்றாடியும் அப்படியே. இரண்டு கீற்றைக் குறுக்காக மடித்துப் பூட்டி, நடுவில் முள்ளேற்றி ஈர்க்கில் குத்துவார்கள். துளை இறுகினால் சுழலாது, தளர்ந்தால் கழன்று பறக்கும். தென்னையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பட்டியைப் பொறுக்கி, ஈர்க்கால் கோத்துத் தட்டுத் தட்டாக அடுக்கிய தேர் கோயில் தேரின் அச்சு அசல். பட்டினப்பாலை காட்டும் மூன்று கால் சிறுதேருக்கு ஈராயிரம் ஆண்டு கழித்துப் பிறந்த உறவு அது.

ஆனால் இந்த மண்ணின் மிகப் பெரிய விளையாட்டுப் பொருளைச் செய்தவர்கள் பிள்ளைகள் அல்லர். ஊரே கூடிச் செய்தது. அதுதான் கொம்பு.

கொம்புமுறி விளையாட்டு கண்ணகி வழிபாட்டோடு பிறந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். சேரிக்கொரு வளைந்த கொம்பு. ஒன்றின் வளைவுக்குள் மற்றதைக் கொளுவி, கயிற்றால் வரிந்து கட்டி, வடம் பூட்டி இரு சேரியாரும் இழுப்பார்கள். எது முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்ற கொம்பு ஊர்வலம் போகும். இரு தரப்பும் ஒன்றையொன்று வசை பாடும். மழை பெய்யவும் அம்மை முதலிய நோய்கள் அண்டாதிருக்கவும் ஆடியது இது. வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இந்த மண்ணின் கலைகளையும் வழக்கங்களையும் ஏட்டில் ஏற்றியது. அந்த நூல் இல்லாதிருந்தால் இவற்றில் எத்தனையோ சுவடின்றிப் போயிருக்கும்.

கொம்பின் திறமெல்லாம் மரத்தைத் தேர்வதில் இருக்கிறது. நேரான கட்டையை வளைவாகச் செதுக்கினால், வளைவில் மரத்தின் நார் குறுக்கே அறுபடும். முதல் இழுவையிலேயே அங்கே பிளக்கும். கிளையோ வேரோ தானாகவே வளைந்து வளர்ந்த இடத்தில் நாரும் சேர்ந்து வளைந்து ஓடும். அந்தக் கட்டைதான் வடத்தின் இழுவையை முழுவதுமாகத் தாங்கும். ஆக, கொம்பு செய்கிறவர் உளி பிடிப்பதற்கு முன்பே, காட்டில் மரத்தைப் பார்த்த கணத்திலேயே அரைப்பங்கு வேலையை முடித்திருப்பார். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இரண்டில் ஒன்று உடைந்தே தீரும். நல்ல கொம்பு என்பது எதிரியின் நல்ல கொம்பை முறிக்கும் வரை நிற்பது.

இது தமிழருக்கு மட்டும் உரிய ஆட்டம் அன்று. சிங்கள ஊர்களில் இதே விளையாட்டு அங்கெலிய என்ற பெயரில், கண்ணகியேயான பத்தினித் தெய்வத்துக்காக ஆடப்பட்டது. மான் கொம்பையும் அங்கே பயன்படுத்தினார்கள். பத்தினியும் அவள் கணவன் பாலங்கனும் சண்பகப் பூப் பறிக்கையில் கொக்கத் தடிகள் இரண்டும் சிக்கிக்கொள்ள, அவன் மரத்தின் மேலிருந்தும் அவள் கீழிருந்தும் இழுத்தார்களாம். அதனால்தான் கட்சிகளுக்கு உடுபில, யடிபில, அதாவது மேல் அணி, கீழ் அணி என்று பெயர். பொறியமைப்பிலும் அவர்கள் ஒரு படி மேலே போனார்கள். ஒரு கொம்பை நிற்கும் மரத்தோடு கட்டுவார்கள். மற்றதைக் குழியில் தளர்வாக நட்ட தென்னங்குற்றியோடு பிணைத்து, குற்றியின் தலையில் கயிறு பூட்டி இழுப்பார்கள். குற்றி நெம்புகோலாக வேலை செய்யும். தலையில் கொடுக்கும் விசை அடியில் பன்மடங்காகிக் கொம்பில் இறங்கும். இடியையே பெயராகக் கொண்ட ஹெனகந்த என்று அந்தக் குற்றியை அழைத்தார்கள்.

கீழைக்கரையில் கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் கைதியாகப் பத்தொன்பது ஆண்டு கழித்த ஆங்கிலேய மாலுமி றொபேர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் அச்சான தன் நூலில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். முழங்கை போல் வளைந்த இரண்டு தடிகளைக் கொளுவி இழுப்பார்கள் என்றும், நாட்டை நோயிலிருந்து காக்கவே இதை ஆடுகிறார்கள் என்றும், பெண்கள் கண்ணில் படாத இடத்தில் ஆடுவார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். 1984இல் கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரும் ஆய்வு நூலில் சிங்கள ஆட்டத்தையும் கிழக்கின் தமிழ் ஆட்டத்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தார். மொழியும் மதமும் பிரித்த இரு சமூகங்கள் ஒரே தெய்வத்துக்காக ஒரே பொறியை இழுத்திருக்கின்றன என்பதை நம் பாடநூல்கள் ஏன் இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்ற ஆதங்கம் எழாமல் இல்லை.

இன்று அந்த ஆட்டம் அருகிவிட்டது. தேற்றாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. கொம்பு இழுத்த சந்தி அந்தப் பெயரில் நிலைத்திருக்கிறது. விழாக்களில் கொம்புமுறியை மீண்டும் ஆடிக் காட்ட முனைவோர் பாட்டைத் தேடுகிறார்கள், உடையைத் தேடுகிறார்கள். அவர்கள் முதலில் தேட வேண்டியது, காட்டுக்குள் போய் வளைந்த கட்டையைத் தட்டிப் பார்த்து இது தாங்கும், அது தாங்காது என்று சொல்லத் தெரிந்த முதியவர்களை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கொம்பு முறிய, அடுத்ததைப் புதிதாகச் செய்தாக வேண்டும் என்பதால், பழைய கொம்பு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் படித்துக்கொண்டால் போதாது.