பெயர் கொடுத்த ஆஸ்பத்திரி

பிரசவம் பார்த்த டாக்டரம்மாவின் பெயரைக் குழந்தைக்கு வைக்கிற வழக்கம் நம்மூரில் உண்டு. ஆனால், ஓர் ஆஸ்பத்திரியின் பெயரையே குழந்தைக்கு வைத்த கதை தெரியுமா உங்களுக்கு?

1892-ம் வருஷம். அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் குழந்தையின் தாய்மாமன், நியூயார்க் நகரத்தில் சாகக் கிடந்து பிழைத்திருந்தார். பிழைக்க வைத்தது செயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரி. நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பது? 'எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே' என்று குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்! அந்தக் குழந்தைதான் பின்னாளில் பெரிய கவிஞராகி, 1923-ல் புலிட்சர் பரிசு வாங்கியது.

யாரோ ஒரு மாமாவைக் காப்பாற்றியது அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு விஷயமே இல்லை. தினசரி வேலை. அது ஆரம்பித்ததே அப்படிப்பட்ட, கேட்பாரில்லாத மாமாக்களுக்காகத்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அந்த ஊர் ஏழைக்கு உருளைக்கிழங்குதான் சோறு. விளைவு, கொடும் பஞ்சம். தப்பித்தவர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். பாதிப் பேர் வந்து இறங்கிய இடம் நியூயார்க். கையில் காசில்லை. உடம்பில் தெம்பில்லை. போதாக்குறைக்கு, கத்தோலிக்கர்கள் என்பதால் உள்ளூர் புராட்டஸ்டன்ட்களுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. வெளிச்சமில்லாத, காற்றில்லாத குடியிருப்புகளில் அடைந்து கிடந்தார்கள்.

1849 கோடையில் காலரா வந்தது. நியூயார்க்கில் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். குடிசைக்காரர்களும் வந்தேறிகளும்தான் அதில் அதிகம்.

அதே வருஷம் 'சிஸ்டர்ஸ் ஆஃப் சாரிட்டி' சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரீகள், 13-வது தெருவில் ஒரு செங்கல் வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். முப்பது படுக்கை. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. நடத்தியவர் சிஸ்டர் மேரி ஏஞ்சலா ஹியூஸ். நியூயார்க் பிஷப் ஜான் ஹியூஸின் சொந்தத் தங்கை. அண்ணன், தங்கை இருவருமே அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அதனால், பசி என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏழைகளுக்காகவே வாழ்ந்த 17-ம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரியார் வின்சென்ட் டி பாலின் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைத்தார்கள். 'என்ன மதம், கையில் எவ்வளவு இருக்கு' என்றெல்லாம் கேட்காமல் உள்ளே படுக்க வைப்பது என்பதுதான் விதி. இடம் போதவில்லை. 1856-ல், 11-வது தெருவும் ஏழாவது அவென்யூவும் சந்திக்கிற இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். கிரீன்விச் வில்லேஜ் என்கிற பேட்டை. அதற்கப்புறம் அந்த முக்கை விட்டு ஆஸ்பத்திரி நகரவே இல்லை.

நகரத்தில் என்ன விபரீதம் நடந்தாலும் ஆம்புலன்ஸ்கள் அந்த முக்குக்குத்தான் திரும்பின. 1911 மார்ச்சில் டிரையாங்கிள் சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தது. கதவைப் பூட்டி வைத்திருந்ததால் வெளியே வர முடியாமல், ஜன்னல் வழியாகக் குதித்தும் கருகியும் 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த இளம்பெண்கள். காயம்பட்டவர்கள் செயின்ட் வின்சென்ட்டுக்கு வந்தார்கள்.

மறு வருஷமே டைட்டானிக். உயிர் தப்பிய எழுநூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு கார்பேத்தியா கப்பல் ஏப்ரல் 18 ராத்திரி நியூயார்க் வந்தது. முதல் வகுப்புக்காரர்களை அழைத்துப் போகச் சொந்தபந்தம் காத்திருந்தது. மூன்றாம் வகுப்புக்காரர்களுக்கு? புருஷன் கடலோடு போய்விட்டான். பெட்டி, படுக்கை, பணம் எல்லாம் அதோடு போயிற்று. பாஷையும் தெரியாது. அப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அள்ளிக்கொண்டு வந்து படுக்க வைத்தது இந்த ஆஸ்பத்திரிதான்.

சரி, தர்ம ஆஸ்பத்திரிதானே, வைத்தியம் சுமாராகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மாரடைப்பு வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடுகிறதே, ஆஸ்பத்திரியையே அவர் வீட்டு வாசலுக்கு அனுப்பினால் என்ன? அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட்டில் ஒருவர் செய்து காட்டிய இந்த யோசனையை, 1968-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் செயின்ட் வின்சென்ட்டின் டாக்டர் வில்லியம் கிரேஸ். டாக்டரும் இதய சிகிச்சைக் கருவிகளுமாக வேன் தெருவில் ஓட ஆரம்பித்தது.

உண்மையான பரீட்சை 1980-களில் வந்தது.

கிரீன்விச் வில்லேஜ், ஓரினச்சேர்க்கையாளர்கள் அதிகம் வாழ்ந்த பகுதி. இளைஞர்கள் திடீர் திடீரென்று எலும்பும் தோலுமாகிச் செத்தார்கள். எய்ட்ஸ். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று நர்ஸ்களே பயந்த காலம். சாப்பாட்டுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிய ஆஸ்பத்திரிகள் உண்டு. பெற்ற தகப்பனே பார்க்க வராத பிள்ளைகள் உண்டு.

நடத்துவது கத்தோலிக்க சபை. ஓரினச்சேர்க்கையைப் பாவம் என்று சொல்கிற திருச்சபை. வாசலில் வந்து நிற்பவன் எலும்புக்கூடாக ஓர் ஓரினச்சேர்க்கையாளன். என்ன செய்வது?

1984-ல் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே தனி வார்டு திறந்தார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதுதான் முதல். எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. மரியாதையாக நடத்தவில்லை என்று போராட்டக்காரர்கள் உள்ளேயே வந்து கொடி பிடித்திருக்கிறார்கள். திட்டு வாங்கினார்கள், திருத்திக்கொண்டார்கள். அந்தப் பேட்டைவாசிகளுக்குக் கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தது அங்கேதான்.

பிறகு, 2001 செப்டம்பர் 11. உலக வர்த்தக மையத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் இருந்த பெரிய விபத்துச் சிகிச்சை மருத்துவமனை அது. ஏழாவது அவென்யூவில், நடுத்தெருவிலேயே ஸ்ட்ரெச்சர்களை வரிசையாக நிறுத்தி, வெள்ளை விரிப்பு போட்டு, டாக்டர்களும் நர்ஸ்களும் காத்துக்கொண்டு நின்றார்கள். சில நூறு பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு? வரவே இல்லை. வர வேண்டியவர்கள் இடிபாட்டுக்குள்ளேயே முடிந்துபோயிருந்தார்கள். அன்றைக்கு அந்தக் காலி ஸ்ட்ரெச்சர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் என்ன நடந்திருக்கிறது என்பது புரிந்தது. 'என் மகனைப் பார்த்தீர்களா' என்று கேட்கும் போட்டோ நோட்டீஸ்கள் ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க ஒட்டப்பட்டன. வெகுநாள் வரைக்கும் யாருக்கும் கிழிக்க மனசு வரவில்லை.

காலராவைத் தாங்கிய ஆஸ்பத்திரி, டைட்டானிக்கைத் தாங்கிய ஆஸ்பத்திரி... கணக்குப் புத்தகத்தைத் தாங்க முடியவில்லை.

இன்ஷூரன்ஸ் இல்லாத நோயாளிகளைத் திருப்பியனுப்பாத இடத்தில் வரவைவிடச் செலவு கூடத்தானே செய்யும்? கூடவே, 2000-ல் நஷ்டத்தில் ஓடிய மற்ற கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளையும் இதோடு சேர்த்துக் கட்டினார்கள். நிர்வாகம் சரியில்லை என்ற குற்றச்சாட்டும் பலமாக எழுந்தது. 2005-ல் ஒரு முறை திவால். எழுந்து நின்றார்கள். 2010-ல் மறுபடி திவால். கடன் 70 கோடி டாலருக்கு மேல். பேட்டைவாசிகள் தெருவில் இறங்கிக் கூட்டம் போட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 2010 ஏப்ரல் 30-ம் தேதி அவசர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடப்பட்டது. 161 வருஷக் கதை முடிந்தது.

இடத்தை ரியல் எஸ்டேட்காரர்கள் 26 கோடி டாலருக்கு வாங்கினார்கள். இன்றைக்கு அங்கே இருப்பவை, நம் பணத்தில் ஒவ்வொன்றும் பல கோடி பெறுகிற சொகுசு அடுக்குமாடி வீடுகள். எதிர்ப்பக்கக் கட்டடத்தில் 2014-ல் வேறொரு நிறுவனம் அவசர சிகிச்சை மையம் திறந்தது. முதலுதவி கிடைக்கும். ஆனால், நாள்கணக்கில் படுத்துக் குணமாக வேண்டும் என்றால் வேறு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

தெருவைத் தாண்டினால் ஒரு முக்கோணப் பூங்கா. அங்கே பதினெட்டு அடி உயரத்தில் வெள்ளை இரும்புப் பந்தல் ஒன்று நிற்கிறது. எய்ட்ஸில் இறந்த நியூயார்க்வாசிகளுக்கான நினைவுச் சின்னம். 2016 டிசம்பர் 1-ம் தேதி திறந்தார்கள். பூங்காவின் பெயர், செயின்ட் வின்சென்ட் முக்கோணம்.

ஆஸ்பத்திரி போய்விட்டது. பெயரை மட்டும் பக்கத்துப் பூங்காவுக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் தாய்மாமனின் குடும்பம் செய்த மாதிரியே!