இடருக்குப் பின் இல்லம்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலை ஒட்டி அமைந்தது லக்கல. அப்பகுதி மக்கள் அண்மைக் காலத்தில் இருவகை வெள்ளங்களைக் கண்டனர். ஒன்று, சொல்லிவிட்டு வந்த வெள்ளம். மொரகஹகந்த–களுகங்கைத் திட்டத்தின்கீழ்க் களுகங்கைக்கு அணை கட்டப்பட்டபோது பழைய லக்கல நகரம் நீர்த்தேக்கத்துள் அடங்கியது. 2019ஆம் ஆண்டில் புதிய நகரம் திறக்கப்பட்டது. அவ்வெள்ளம் வருமுன் பெட்டி படுக்கைகளைக் கட்டுதற்கு அவகாசம் இருந்தது. மற்றொன்று, சொல்லாமல் வந்த வெள்ளம். 2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் இலங்கையைத் தாக்கிய ‘டித்வா’ புயல் மலைநாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் விளைத்தது. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாத்தளை மாவட்டமும் அவ்வழிவுக்குத் தப்பவில்லை.

நேயர்களே, இடர் நேர்ந்த கணத்தில் அழிவது ஒரு பங்கு. அதன்பின் வரும் மணிகளிலும் நாள்களிலும் அழிவது மற்றொரு பங்கு. முதற்பங்கைத் தடுத்தல் எப்போதும் நம் கையில் இல்லை. இரண்டாம் பங்கைக் குறைத்தலோ பெரும்பாலும் நம்மால் இயலும். இவ்வுண்மையை மக்கள் எவ்வாறு கற்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நெருப்பை எடுத்துக்கொள்வோம். 1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பற்றியது. பக்கத்து வீடுகளை இடித்து நெருப்பின் வழியை மறிப்பதே அக்காலத்தார் அறிந்த உபாயம். நகரத் தலைவர் அதற்கு உடனே துணியவில்லை. தயங்கிய பொழுதில் தீ பரந்தது. ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பலாயின. பின்னர் வெடிமருந்தால் வீடுகளைத் தகர்த்தே தீயை மறித்தனர். சிறிய இழப்பை உரிய வேளையில் ஏற்க மறுத்தால் பேரிழப்பு வந்து சேரும் என்பதை அந்நகரம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

நம் மலையகத்துக்கு இப்பாடம் மிகவும் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ள வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். அவர்களுக்குக் கிடைத்த உறைவிடம் லயக் காம்பிரா. ஒரே நீண்ட கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. தடுப்புச் சுவர் கூரைவரை எழும்பாத லயங்களில் ஒரு காம்பிராவில் பற்றிய தீ அடுத்த காம்பிராவுக்குத் தாவ அதிக நேரம் வேண்டியதில்லை. அங்கே ‘என் வீடு’, ‘உன் வீடு’ என்னும் பிரிவு நெருப்புக்கு இல்லை. ஆதலால் முதற் குரல் எல்லாக் கதவுகளையும் தட்டும் குரலாய் இருத்தல் வேண்டும். குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றுதல் முதற் கடமை. இடையூறின்றி எட்டக்கூடுமாயின் மின்சாரத்தின் பிரதான ஆளியை நிறுத்துதல் அடுத்தது. மின்கசிவால் எழுந்த தீயின்மேல் நீரை வாரி இறைத்தல் ஆபத்தாகும். வெளியே வந்தவர் பொருளை எண்ணி மீண்டும் உள்ளே புகுதல் எக்காரணத்தாலும் தகாது.

ஆயினும் அப்பொருள்களுள் ஒன்று மட்டும் நம் மக்களை மீண்டும் மீண்டும் உள்ளே இழுத்தது. அது தகரப் பெட்டியில் இருந்த தாள். ஏன்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறப்புக்கும் வழிமுறைக்கும் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமோ பல்லாண்டுகள் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன, பெரும்பாலானவை மறுக்கப்பட்டன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு வழிபிறக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறப்புச் சான்றிதழ் ஒன்று நனைந்து கூழானால், தாள் மட்டும் அழியவில்லை. ஒரு குடும்பம் தான் யார் என்று கூறும் வாயும் அடைபட்டது.

இவ்விடத்து மாத்தளையின் பழைய வரலாறொன்று நினைவிற்கு வருகின்றது. மாத்தளை நகருக்கு அருகிலுள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், பௌத்தரின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது. அதற்குமுன் அது பிக்குகளின் நாவிலேயே வாழ்ந்தது. பஞ்சமும் போரும் வந்து, மனனம் செய்தோர் மடிவாராயின் நூலும் மடியும் என்று அஞ்சியே அதனை எழுதினர். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படையினரால் அவ்விகாரையின் ஏடுகளும் அழிவுற்றன. ஆனால் நூல் அழியவில்லை. படிகள் பிற இடங்களில் இருந்தன. நம் இல்லத்துச் சான்றிதழ்களுக்கும் இதுவே காவல். ஒரு படியை உறவினர் வீட்டிலும் வைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தல் அதனினும் எளிது.

நனைந்துவிட்ட தாளை என் செய்வது? 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருகித் தேசிய நூலகத்துள் புகுந்தது. பல நாடுகளின் இளைஞர்கள் சேற்றில் நின்று நூல்களைக் கைமாற்றிக் கரையேற்றினர். ஏடுகளிடையே உறிஞ்சும் தாள்களை இட்டனர். புகையிலை உலர்த்தும் கூடங்களிலும் நூல்களை உலர்த்தினர். அன்று முதல் வளர்ந்த அறிவு நமக்கும் உதவும். ஈரத்தாள்களை வலிந்து பிரித்தல் ஆகாது. கடும் வெயிலில் இடுதலும் ஆகாது. வெள்ளைத் தாள்களின் நடுவே வைத்துக் காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துக. இரண்டு நாள்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதற்குள் உலர்த்த இயலாவிடின் உறைகுளிர்ப் பெட்டியில் வைத்தால் அழிவு நிற்கும், அவகாசம் கிடைக்கும்.

இனி, வீட்டினுள் நின்ற நீர். வெள்ளம் வடிந்ததும் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலும் தீங்காதல் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபின், கிழக்குக் கரையில் உவர்ப்பேறிய கிணறுகளைத் தூய்மை செய்வோம் என்று பலமுறை இறைத்தனர். மணற்பாங்கான அந்நிலத்தில் மிகையாக இறைத்தது அடியிலிருந்த உவர்நீரை மேலே இழுக்கவும் செய்தது. பின்னர் வந்த மழையே அக்கிணறுகளை மெல்ல மெல்ல நன்னீராக்கியது. மலைநாட்டுக் கிணறுகளில் உவர்ப்பில்லை. ஆயினும் அவசரமாக வற்ற இறைத்தால் ஊறிய சுவர் சரியக்கூடும். ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிவுரைப்படி சேற்றை நீக்கிக் குளோரீன் இடுதலும், அதுவரை நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதலும் தக்கன.

சேற்றிலும் ஒரு பகை மறைந்திருக்கின்றது. 2008ஆம் ஆண்டு இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருகி, 7000க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாத்தளை மாவட்டம் கடுமையாகத் தாக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காற்புண்ணின் வழியே நோயைப் புகுத்தும். வெள்ளத்தில் பிழைத்த ஒருவர், வீட்டைக் கழுவப் புகுந்து காய்ச்சலில் மடிதல் எத்துணைக் கொடுமை! புண்ணை மூடி, முழங்கால்வரை மூடும் காலணி அணிந்து சேற்றில் இறங்குக. காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்கு உடனே சென்று, சேற்றில் இறங்கியதையும் கூறுக.

கழுவுமுன் சேதத்தைப் படமெடுத்துக் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்தலும் மறத்தற்குரியதன்று. கழுவியபின் அழிவுக்குச் சான்று காட்டுதல் அரிது. மேலே சரிவில் புதிய வெடிப்போ, கலங்கிய ஊற்றோ, சாய்ந்த மரமோ தென்பட்டால், கழுவும் வேலையைக் கைவிட்டு அகலுக. 117 என்னும் இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவிக்க.

உயிர், மின்சாரம், தாள், நீர், சேறு என்னும் இவ்வொழுங்கை, நம் பாடசாலைகளில் மன்னர் வரிசையைக் கற்பிப்பதுபோலவே கற்பித்தல் வேண்டும். நேயர்களே, இன்றிரவே உங்கள் இல்லத்துச் சான்றிதழ்கள் எங்கிருக்கின்றன என்று பாருங்கள். மின் ஆளி எங்குள்ளது என்பதை வீட்டிலுள்ள பிள்ளைக்கும் காட்டுங்கள். அடுத்த வெள்ளம் நமக்குச் சொல்லிவிட்டு வரும் என்பதற்கு உறுதியில்லை.