நெய்யூர் டாக்டரும் எவரெஸ்டும்
நம்ம நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் சோமர்வெல் டாக்டர் 1924 ஜூன் 4-ல் எவரெஸ்டில் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறினார், சிலிண்டர் இல்லாம. அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அவரை நிறுத்தினது தொண்டை, இதயமில்லை. பனியில் புண்ணான தொண்டைச்சவ்வு கழன்று, இறங்கும் வழியில் மூச்சை அடைத்தது. நெஞ்சை இரு கையாலும் அழுத்தி, இருமித் துப்பித்தான் பிழைச்சார்.

இதயம் எப்படித் தாங்கிச்சு? 1935-ல் டெனன்ட்டும் விக்கர்ஸும் நாயின் இதயத் தமனியை அடைத்துப் பார்த்தார்கள்; கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பகுதித் தசை சுருங்குவதை விட்டு வெளியே புடைத்தது. மாரடைப்பில் நடப்பதும் இதுதான், ரத்தமே நின்றுபோகுது. மலையில் அப்படியில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, ஆனா ஓட்டம் நிற்காது. 1985-ல் 'ஆபரேஷன் எவரெஸ்ட் 2' ஆய்வில், காற்றழுத்தத்தை 40 நாளில் படிப்படியாக உச்சி அளவுக்குக் குறைத்தபோதும், ஆரோக்கியமான ஆட்களின் இதயம் வலுவாகவே சுருங்கியது.