உடையார்குடிக் கல்லில் ஒரு கொலை வழக்கு

துப்பறியும் கதைகளில் ஊறியவர் வரலாற்று நூலைத் திறந்தால், முதலில் தேடுவது கொலையாளியைத்தான். சோழ வரலாற்றில் அவருக்கென்றே ஒரு வழக்கு காத்திருக்கிறது. சுந்தர சோழரின் மூத்த மகனும் இராசராசனின் தமையனுமான ஆதித்த கரிகாலன் கி.பி. 970-ஐ ஒட்டிக் கொல்லப்பட்டான். கல்கி 1950-இல் தொடராக எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ வழியாகவே நம்மில் பெரும்பாலோர் இதை அறிவோம்.

செம்பட்டியில் மாத நாவல்களை ஒன்றுவிடாமல் படித்து வந்த இளைஞர் ஒருவர், இக்கொலையைக் கற்பனை கலவாமல், ஆனால் கதையின் விறுவிறுப்போடு எழுத முனைந்தார். மூன்றாம் பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டது. கொலை எங்கே நடந்தது, எவ்வாறு நடந்தது என்பதற்குச் சான்றே இல்லை. கடம்பூர் மாளிகை கல்கி கட்டியது. திருவாலங்காட்டுச் செப்பேடோ, இளவரசன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் மறைந்தான் என்று கவிநயத்தோடு கடந்து போகிறது. (அரச குடும்பத்துத் துயரங்களை எழுதப் புலவர்களுக்கு இந்த நயம் எக்காலத்தும் உதவியிருக்கிறது.)

நேரான சான்று ஒன்றே. அது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலைக்கு ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் பிந்தியது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தாரைத் துரோகிகள் என்று அது பெயர் சொல்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்றும் பட்டங்கள். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். ஆகவே, வீரபாண்டியனின் தலை கொண்டதற்குப் பழிவாங்கல் என்பார்கள் சிலர். ஆனால் தம்பியின் பட்டம் சோழப் பட்டமாயிற்றே! இவர்கள் சோழ அதிகாரிகளாகவே இருந்திருக்கலாம் அல்லவா?

அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழன்மீது நீலகண்ட சாஸ்திரியார் ஐயம் கொண்டார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தமனின் இயற்பெயர் மதுராந்தகன். இராசராசனின் மகன் இராசேந்திரனுக்கும் இயற்பெயர் அதுவே. உத்தமனின் மகன் இராசராசனிடம் உயர் அலுவலனாகவும் இருந்தான். அண்ணனைக் கொன்றவன் குடும்பத்தை இவ்வளவு அணைத்துக்கொள்வார்களா? எனக்கு இந்த வாதமே வலுவாகத் தோன்றுகிறது. நாவலில் ஒருவனைக் குற்றவாளியாக்குவது கதை. வரலாற்றில் சான்றின்றி அதைச் செய்தால், மறுமொழி சொல்ல வாயில்லாத ஒருவர்மீது பழி சுமத்துவதாகும்.

அந்தக் கல்வெட்டில் என்னை நிறுத்தும் பகுதி வேறொன்று. கொலையைப் பற்றி ஒரு தொடரோடு முடித்துக்கொள்ளும் கல், உறவினர்களைப் பற்றி நீளமாகப் பேசுகிறது. துரோகிகளின் பிள்ளைகள், மனைவியர், தாய்மார், தந்தையின் உடன்பிறந்தார், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர் என்று ஒவ்வொருவராக எண்ணி, அனைவர் உடைமையும் பறிமுதல் என்கிறது. பெண் எடுத்ததும் கொடுத்ததுமே இவர்களுள் பலர் செய்த குற்றம். பறித்த நிலத்தை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் விற்றார்கள். வியாழ கஜமல்லன் என்பவன் விலை கொடுத்து வாங்கி, கோயிலில் அந்தணர்க்கு உணவளிக்கும் அறத்துக்கு எழுதி வைத்தான். அந்தத் தானத்தைப் பதிவு செய்யத்தான் கல்வெட்டே வெட்டப்பட்டது. கொலைச் செய்தி நிலத்தின் பூர்வோத்தரமாக இடையில் வந்து சேர்ந்தது.