நாயனமும் சலங்கையும்

ஆக்லாந்தின் தென்புறத்தே, மனுக்காவ் துறைமுகத்தின் கழியை ஒட்டிய பாபகூராவில், நம்மவர் இல்லத் திருமணங்களிலே மாங்கல்யதாரண வேளையில் முழங்கும் கெட்டிமேளம் பெரும்பாலும் ஒலிப்பதிவாகவே இருக்கக் காண்கிறேன். நாயனக்காரரை நேரில் கண்டறியாத இவ்வூர்க் குழந்தைகளுக்கு அக்கலைஞர்களின் வாழ்வை உணர்த்த, 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைப்படத்தினும் சிறந்த சாதனம் வேறில்லை என்பது என் துணிபு.

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதி, கோபுலுவின் சித்திரங்களோடு தொடராக வந்த கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் நர்த்தகி மோகனாம்பாளுக்கும் இடையே மலர்ந்த காதலே கதையெனினும், தஞ்சைத் தரணியின் நெடுநாளைய கலைமரபு முழுவதும் அக்காதலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. கோயில் விழாக்களிலே நாயனமும் தவிலும் ‘பெரிய மேளம்’ என்றும், சதிராட்டக் குழு ‘சின்ன மேளம்’ என்றும் வழங்கின. இரண்டையும் வளர்த்தவர்கள் இசைவேளாளர் மரபினரே. ஆகவே சண்முகசுந்தரமும் மோகனாவும் முதலில் போட்டியாளராகச் சந்திப்பது கதாசிரியரின் வெறுங்கற்பனை அன்று.

கச்சேரி நடுவே வாணவேடிக்கை வெடித்ததும் வாசிப்பை நிறுத்திவிடும் சண்முகசுந்தரத்தைக் கர்வி என்று எளிதிற் சொல்லிவிடலாம். வித்தையைக் கொண்டாடிய சபைகளே வித்வானைச் சமமாக மதிக்கத் தயங்கிய காலத்தில், தம் கலைக்குரிய மரியாதையை விட்டுக்கொடாதவரும், குட்டையான திமிரி நாயனத்துக்கு மாற்றாக நீண்ட பாரி நாயனத்தை நிலைபெறச் செய்தவருமான திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை அறிந்தவர்கள், அக்கோபத்தின் நியாயத்தையும் அறிவார்கள். மகளைத் தனவான் ஒருவரின் ஆதரவில் சேர்த்துவிடத் துடிக்கும் தாய் வடிவாம்பாளும் சரித்திரத்தின் சாயையே. தேவதாசி முறையைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் பிறந்தது 1947-இல். மனம் விரும்பியவனையே மணப்பேன் என்னும் மோகனாவின் உறுதி, அச்சட்டத்தின் பின்னிருந்த எத்தனையோ பெண்களின் வேட்கையாக எனக்குத் தோன்றுகிறது.

1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் இணைந்தபோதே திரையிசையில் நாயனத்துக்கு ஒரு பீடம் அமைந்துவிட்டது. கே. வி. மகாதேவன் இசையமைத்த ‘தில்லானா மோகனாம்பா’ளிலோ நாயனம் கதாநாயகனின் குரலாகவே ஆகிவிடுகிறது. வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் மூச்சையும் விரலோட்டத்தையும் கூர்ந்து கவனித்துச் சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜி கணேசன் கொண்ட பாவனையை அருகில் நோக்குங்கள். சீவாளியைக் கவ்விய இதழும், காற்று நிறைந்து புடைத்த கன்னமும், சுரத்துக்குச் சுரம் துளைகளை மூடித் திறக்கும் விரல்களும் தேர்ந்த வித்வானுக்கே உரியவை.

கத்திக்குத்துப்பட்டுத் தேறிவந்த சண்முகசுந்தரம் வாசிக்க, மோகனாவாக நடித்த பத்மினி ஆடும் காட்சி ஒன்று உண்டு. கண்ணதாசன் இயற்றி, பி. சுசீலா பாடிய அக்காட்சியின் பாட்டிலே, அனைவர் கண்ணெதிரிலும், காயம் ஆறியதா, உடல் நலமா என்று அவள் அபிநயத்தால் வினவுகிறாள். வாய்திறந்து விடைசொல்ல இயலாத அவன் நாயனத்தாலேயே விடைசொல்கிறான். ஆடற்பெண்ணும் நாயனக்காரரும் ஒரே சந்நிதியிலே தலைமுறை தலைமுறையாகத் தொண்டு செய்த மரபிலிருந்தல்லாமல், இத்தகைய காதற்காட்சி வேறெங்கிருந்தும் பிறந்திருக்க முடியாது.