'எங்க செஞ்சது?': கிட்டாரும் பெடலும் சொல்ற ஒரு வரலாறு

1/
கிட்டார் வாங்கப் போற பசங்க கடையில கேட்கிற முதல் கேள்வி சத்தத்தைப் பத்தி இல்லை. "அண்ணா, இது எங்க செஞ்சது?" இந்தோனேசியான்னா முகம் மலருது. இந்தியான்னா ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்துக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

2/
நம்ம பக்கத்து ஆளுங்க இதை ஏன் தெரிஞ்சுக்கணும்? ஓஎம்ஆர்ல சிறுசேரி, கேளம்பாக்கம் தாண்டி மாமல்லபுரம் போற வழியில திருப்போரூர். அந்தப் பக்கத்துல ஒன்ஹப் தொழில் பூங்காவுல யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை இருக்கு. 2019-ல உற்பத்தி தொடங்கினது. அதே வருஷம் நவம்பர்லதான் செங்கல்பட்டு தனி மாவட்டமாச்சு.

3/
பைக் கம்பெனின்னு நினைக்காதீங்க. அது 1955-லயே தனி நிறுவனமா பிரிஞ்சு போயிடுச்சு. இங்க செய்யறது கீபோர்டு, அக்கூஸ்டிக் கிட்டார் மாதிரி கருவிகள். அதாவது கடையில அந்தப் பையன் தயங்குற "இந்தியா", நம்ம திருப்போரூர்தான்.

4/
இப்போ ஜப்பான் போவோம். 1887, ஹமமட்சு ஊர். அங்க ஒரு பள்ளிக்கூடத்துல வெளிநாட்டு ஆர்கன் ஒண்ணு பழுதாயிடுச்சு. சரி பண்ண யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா? மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்துட்டிருந்த டொராகுசு யமஹாவை. எங்க துறைக்காரர்னு சொல்லிக்கலாம், தப்பில்லை.

5/
ஆர்கனைச் சரி பண்ணினவர், "இதை நாமளே செய்யலாமே"ன்னு நண்பரோட சேர்ந்து ஒண்ணு செஞ்சார். அதைத் தோள்ல சுமந்துக்கிட்டு ஹகோனே மலையைத் தாண்டி, சுமார் 250 கிலோமீட்டர் நடந்து டோக்கியோவுல இருந்த இசைக் கல்விக்கூடத்துக்குக் கொண்டு போனாங்க. அங்க வந்த தீர்ப்பு: வடிவம் நல்லா இருக்கு, சுருதி சரியில்லை.

6/
மனுஷன் கோபப்படலை. ஒரு மாசம் அங்கேயே இருந்து சுருதி சேர்க்கக் கத்துக்கிட்டு, ஊருக்குத் திரும்பி இன்னொண்ணு செஞ்சார். அது தேறுச்சு. அந்தக் கம்பெனியோட சின்னத்துல மூணு சுருதிக்கவை இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? காது ஓபியில நாங்க காதுக்குப் பின்னாடி வெச்சுப் பார்க்கிற அதே கவைதான்.

7/
ஆனா ஒரு கருவி தேறுறது வேற, ஒரு நாட்டுக்குப் பேர் வர்றது வேற. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பல வருஷம் "ஜப்பான் சரக்கு"ன்னா உலகம் முழுக்க மலிவு, நகல், சீக்கிரம் கெட்டுப் போறதுன்னு அர்த்தம். 1966-ல யமஹா எஃப்ஜி வரிசை கிட்டார்களை விட்டப்பவும் அது ஏழை மாணவனோட கிட்டார்தான்.

8/
1969, அமெரிக்காவுல வுட்ஸ்டாக் விழா. கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியா மேடை ஏறினப்போ கையில இருந்தது ஒரு சாதாரண யமஹா எஃப்ஜி-150. மார்ட்டினும் இல்லை, கிப்சனும் இல்லை. அத்தனை பெரிய கூட்டத்துக்கு அது போதுமானதா இருந்தது.

9/
அப்புறம் உற்பத்தி தைவானுக்குப் போச்சு. உடனே, "ஜப்பான்ல செஞ்சதுதான் அசல்." அப்புறம் இந்தோனேசியா. "தைவான்ல செஞ்சது எவ்வளவோ தேவலை." இப்போ இந்தியா. "இந்தோனேசியாதான் நல்லது." யாரும் வாங்கத் தயங்கின அந்தப் பழைய சிவப்பு லேபிள் கிட்டாரை இன்னைக்குத் தேடித் தேடி வாங்குறாங்க. கம்பெனியே 2019-ல அதோட நினைவா புது சிவப்பு லேபிள் வரிசை கொண்டு வந்துச்சு.

10/
பாட்டர்ன் புரியுதா? ஒவ்வொரு தலைமுறையும் முந்தின தொழிற்சாலையைத்தான் புகழுது. பேர் எப்பவும் சரக்குக்குப் பின்னாடி ஒரு தலைமுறை தள்ளித்தான் வந்து சேருது.

11/
கிட்டார் மட்டும் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார்காரங்க காலால மிதிக்கிற சின்ன டப்பா, எஃபெக்ட்ஸ் பெடல். அதுலயும் இதே சண்டை. அதுல ரொம்பப் பிரபலமான பேர் பாஸ். ரோலண்ட் நிறுவனத்தோட பெடல் பிராண்டு. ரோலண்டை 1972-ல தொடங்கினவர் இகுடாரோ ககெஹாஷி.

12/
இவர் கதையிலயும் மருத்துவம் வருது. இளம் வயசுல காசநோய். வருஷக்கணக்கா ஆஸ்பத்திரிப் படுக்கை. அப்போ புதுசா வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்குச் சோதனை நோயாளியா எடுக்கப்பட்டுப் பிழைச்சார். அந்த ஊசி இல்லைன்னா உலகத்துல பாதி கிட்டார் மேடைகள்ல வேற டப்பாதான் இருந்திருக்கும்.

13/
1977-ல இருந்து பாஸ் சின்ன பெடல்கள் வருது. 1978-ல வந்த டிஎஸ்-1 ஆரஞ்சு டப்பா இன்னைக்கும் விற்குது. நிர்வானாவின் கர்ட் கோபேன் பயன்படுத்தினது. 80-களோட கடைசியில உற்பத்தி ஜப்பான்ல இருந்து தைவானுக்கு மாறுச்சு. அன்னைக்குத் தொடங்கின வாக்குவாதம் இன்னும் ஓயலை.

14/
ஒரு கட்சி: "ஜப்பான் பெடல்ல இருக்கிற கனம் தைவான்ல இல்லை." இன்னொரு கட்சி: "எல்லாம் மனப் பிரமை, லேபிளுக்குக் காசு கொடுக்கிறீங்க." மூணாவது கட்சி: "பாஸே ஆரம்பநிலை ஆளுங்களுக்குத்தான், கையால செஞ்ச பெடல் வாங்கு." மூணு பேருமே நல்லா வாசிக்கிறவங்க. மூணு பேருக்கும் காது இருக்கு.

15/
நியாயமா ஒண்ணு சொல்லணும். எல்லாமே பிரமை இல்லை. டிஎஸ்-1-க்குள்ள இருந்த சில்லை 1994-ல மாத்தினாங்க. அது வேற சுற்று, சத்தத்துல வித்தியாசம் வர நியாயம் இருக்கு. ஆனா அதுக்குக் காரணம் உள்ளே இருக்கிற பாகம். டப்பாவுக்கு அடியில ஒட்டியிருக்கிற நாட்டுப் பேர் இல்லை. நாம குழப்பிக்கிறது இந்த ரெண்டையும்தான்.

16/
நம்ம ஊர்ல இந்தத் தயக்கம் எப்படி வந்துச்சு? சென்னை மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல் கடையோட வேர் 1842-க்குப் போகுது. ஆக மேற்கத்திய கருவி நமக்குப் புதுசு இல்லை. ஆனா 1991-க்கு முன்னாடி இறக்குமதி வரி எக்கச்சக்கம். வெளிநாட்டுக் கிட்டார் வேணும்னா சொந்தக்காரர் சிங்கப்பூர்ல இருந்து வரணும்.

17/
மத்தவங்களுக்கு கொல்கத்தாவுல செஞ்ச கிவ்சன் மாதிரி கிட்டார்கள். பேரைப் பாருங்க, கிப்சனுக்கு ஓரெழுத்து தள்ளி. கம்பி உயரமா இருக்கும், அழுத்தினா விரல் நுனி கன்னிப் போகும். ஆனா ஒரு தலைமுறையே அதுலதான் கத்துக்கிச்சு. "இந்தியக் கிட்டார்"ங்கற சொல்லுக்கு அன்னைக்கு விரல்ல பட்ட வலிதான் இன்னைக்கு அப்பாகிட்ட இருந்து பையனுக்கு அறிவுரையா வருது.

18/
சரி, யார் சொல்றது உண்மைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மருத்துவத்துல எங்ககிட்ட ஒரு வழி இருக்கு. லேபிளை மறைச்சிட்டுக் கேளு.

19/
2018-ல வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒண்ணு. ஒரே வடிவத்துல 6 கிட்டார். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேற வேற மரம். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும் உண்டு, மலிவு மரமும் உண்டு. 52 கலைஞர்கள், மங்கலான வெளிச்சத்துல, கண்ணுல வெல்டிங் கண்ணாடி போட்டுக்கிட்டு வாசிச்சாங்க. ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்!

20/
அதுக்கு முன்னாடி 2010-ல வயலின்ல. 21 கலைஞர்கள். ஸ்ட்ராடிவாரி உட்பட 3 பழைய வயலின், 3 புது வயலின். வாசனையை வெச்சுக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு மோவாய் வைக்கிற இடத்துல சென்ட் கூடத் தடவினாங்க. பெரும்பாலானவங்களுக்குப் புதுசுதான் பிடிச்சது. கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரிக்கு.

21/
காது பொய் சொல்லுதுன்னு அர்த்தம் இல்லை. மூளை காதை மட்டும் கேட்கிறதில்லை. 2008-ல ஒரு வலி ஆய்வு: 82 பேருக்கும் மருந்தே இல்லாத ஒரே வெத்து மாத்திரை. பாதிப் பேர்கிட்ட விலை 2.50 டாலர்னு சொன்னாங்க, மீதிப் பேர்கிட்ட 10 சென்ட்னு சொன்னாங்க. வலி குறைஞ்சதா சொன்னவங்க, விலை அதிகம்னு நம்பினவங்கள்ல 85 சதவீதம், மத்தவங்கள்ல 61 சதவீதம். விலைக்கே வலி குறையுதுன்னா, லேபிளுக்குச் சத்தம் இனிக்காதா?

22/
நம்ம மண்ணுல நடந்த ஒரு பெரிய பாடம் இருக்கு. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் தெரியும்ல? அந்தப் பேர் காசநோய் மருத்துவமனையால வந்தது. அந்தக் காலத்துல காசநோய்னா சானடோரியம்: நல்ல காத்து, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. அதுக்கு இருந்த பேர் அப்படி.

23/
1956-ல சென்னையில ஒரு ஆய்வு தொடங்கினாங்க. ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, பாதிப் பேருக்கு சானடோரியம், பாதிப் பேருக்கு நெரிசலான அவங்க வீட்லயே மாத்திரை. 1959-ல முடிவு வந்துச்சு. வீட்டு வைத்தியம் சளைக்கலை. உலகம் காசநோய்க்கு வைத்தியம் பார்க்கிற முறையே மாறுச்சு. பேரை நம்பாம ஒப்பிட்டுப் பார்த்ததால பிழைச்ச உயிர்கள் எத்தனையோ.

24/
இன்னொண்ணு. அரசு ஆஸ்பத்திரி மாத்திரைன்னா "வேலை செய்யாது"ன்னு சிலர் சொல்வாங்க. 1994-ல உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ன பண்ணுது தெரியுமா? வாங்கின மருந்துல மாதிரி எடுத்து, கம்பெனிப் பேரை நீக்கி, ரகசிய எண் போட்டுத்தான் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புது. சோதிக்கிறவருக்கு யார் செஞ்சதுன்னு தெரியாது. நம்பிக்கை வேணும்னா இப்படி வரணும்.

25/
மாமல்லபுரம் சிற்பிகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உளி வைக்கிறதுக்கு முன்னாடி கல்லைத் தட்டிப் பார்ப்பாங்க. கணீர்னு மணி மாதிரி வந்தா ஒரு வேலைக்கு, மந்தமா வந்தா வேற வேலைக்கு, பொத்தல் சத்தம் வந்தா ஒதுக்கிடுவாங்க. எந்த மலைக் கல்லா இருந்தாலும் தட்டிப் பார்க்காம முடிவு கிடையாது.

26/
ஆகவே, கடைக்குப் போறவங்களுக்கு. நண்பரைக் கூட்டிட்டுப் போங்க. நீங்க திரும்பி நின்னுக்கோங்க, அவர் மூணு நாலு கிட்டாரை மாத்தி மாத்தி வாசிக்கட்டும். பேர் தெரியாமத் தேர்ந்தெடுங்க. 12-ஆவது கட்டையில கம்பிக்கும் கட்டைக்கும் இடைவெளி 2.5 மி.மீ அளவுல இருக்கான்னு பாருங்க. கட்டை முனைகள் கையைக் கீறுதா? ஒவ்வொரு கட்டையிலும் இரைச்சல் வருதா? ஒரே மாடல்ல ரெண்டு எடுத்துப் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இருக்கும்.

27/
கம்பி உயரமா இருந்தா கிட்டாரைத் திட்டாதீங்க. அதைச் சரி பண்ணித் தர ஆள் இருக்காங்க. நிறைய "மட்டமான கிட்டார்" புகார் இதுலயே தீர்ந்துடும். கடலோரத்துல இருக்கிறவங்க வாசிச்சு முடிச்சதும் கம்பியைத் துடைச்சு வைங்க. உப்புக் காத்து எந்த நாட்டுக் கம்பியையும் விடாது.

28/
ஒரு மருத்துவக் குறிப்பு. முதல் சில வாரம் விரல் நுனி எரியறது சகஜம். ஆனா மரத்துப் போறது, ராத்திரி மணிக்கட்டு வலி, விரல்ல ஊசி குத்துற மாதிரி உணர்வு, இதெல்லாம் இருந்தா "பழகிடும்"னு விடாதீங்க. மருத்துவரைப் பாருங்க.

29/
எல்லா இந்தியத் தயாரிப்பும் நல்லதுன்னு நான் சொல்லலை. கோளாறு இருந்தா திருப்பிக் கொடுங்க, தாராளமா குறை சொல்லுங்க. டொராகுசு யமஹாகிட்டயே "சுருதி சரியில்லை"ன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. ஆனா அவங்க வாசிச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்க. "ஹமமட்சுவா? வேண்டாம்"னு வாசல்லயே திருப்பி அனுப்பலை.

30/
திருப்போரூர்ல ஒரு பொண்ணோ பையனோ இன்னைக்குக் காலையில ஷிஃப்டுக்குப் போய்க் கம்பி மாட்டி, கட்டை தேய்ச்சு ஒரு கிட்டாரைப் பெட்டியில வெச்சிருப்பாங்க. அவங்க கேட்கிறது சலுகை இல்லை, ஒரு வாசிப்பு. முப்பது வருஷம் கழிச்சு யாராவது "பழைய திருப்போரூர் கிட்டார் மாதிரி வராது"ன்னு பெருமூச்சு விடத்தான் போறாங்க. அதுவரைக்கும் காத்திருக்காம, இப்பவே ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துடுங்க.

இழை முற்றும். உங்க முதல் கிட்டார் எது, எங்க செஞ்சதுன்னு கீழே சொல்லுங்க.