அகரம் இல்லாத மொழிக்கு ஓர் அகராதி

அகராதி என்னும் பெயரைச் சொல்லும்போதே ஓர் எழுத்தையும் அதன் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அகரத்தை ஆதியாக, அதாவது முதலாகக் கொண்டது அகராதி. இதில் எழுத்து ‘அ’ ஒன்றே, ‘கரம்’ அதற்குத் துணைவரும் சாரியை, ‘ஆதி’ வடசொல். வடமொழியார் இவ்வரிசையை ‘அகாராதி’ என்று நெடில் கொடுத்துச் சொல்வர். அவர்களுக்கு எல்லா உயிருக்கும் ‘காரம்’ பொது. தமிழிலோ குற்றெழுத்தோடு ‘கரம்’ வருவதே பெருவழக்கு என்பதால், வந்த சொல் நம் வாயில் ஒரு மாத்திரை குறைந்து ‘அகராதி’ ஆயிற்று. ஒட்டு மட்டும் பிறந்தவீட்டுப் புணர்ச்சியாகவே நின்றுவிட்டது; மரம், அடி என்பன ‘மரவடி’ ஆவதுபோலப் புணர்ந்திருந்தால் இன்று ‘அகரவாதி’ என்றல்லவா சொல்லிக்கொண்டிருப்போம்!

இந்தப் பெயருக்கு முன்பும் நம்மிடம் சொற்பொருள் நூல்கள் இருந்தன. உரிச்சொல் என்றும் நிகண்டு என்றும் அவை வழங்கின. அவற்றில் அகரத்துக்கு முதன்மை இல்லை. திவாகரமும் பிங்கலமும் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று உலகத்தையே பகுத்து அடுக்கின. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டோ, ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதியை எதுகையால் வரிசைப்படுத்தியது. முதலெழுத்தை விட்டு இரண்டாம் எழுத்தைப் பிடித்தது. நூலைப் பார்த்துத் தேடுகிறவனுக்கு முதலெழுத்து வேண்டும். மனப்பாடமாக வைத்திருப்பவனுக்கு எதுகையே வழிகாட்டி. 1594இல் சிதம்பரம் இரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வழியே நிறுத்தி, ‘அகராதி நிகண்டு’ என்று தம் நூலுக்குப் பெயரிட்டார். அங்கே அகராதி என்பது இன்னும் அடைமொழிதான்; நூலின் பெயர் நிகண்டே.

அடைமொழி பெயராக நிமிர்ந்ததை 1732இல் எழுந்த சதுரகராதியில் காண்கிறோம். மதுரை மறைப்பணிக் களத்துக்கு வந்து தமிழே மூச்சாக வாழ்ந்த வீரமாமுனிவர், பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி வகுத்தார். அவற்றுள் தொடை அகராதி எதுகைச் சொற்களுக்கு உரியது. எதுகையால் தேடும் பகுதிக்கும் அகராதி என்றே பெயர் அமைந்தபோது, அந்தச் சொல் தன் பிறப்புப் பொருளாகிய வரிசையை மெல்ல விட்டு நூலைக் குறிக்கத் தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.

பின்னர் மதுரை இப்பெயரை மடியில் வைத்து வளர்த்தது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய தமிழ்ச் சங்கம், யாழ்ப்பாணம் கு. கதிரைவேற்பிள்ளையின் தமிழ்ச் சொல்லகராதியை 1910 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. இ. மா. கோபாலகிருஷ்ணக் கோன் 1937இல் மதுரைத் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்தார். ஏட்டில் இப்படி இருக்க, இவ்வூர்த் தெருவில் இச்சொல் வேறொரு வாழ்வு வாழ்ந்துவருகிறது. ‘அவன் அகராதி புடிச்சவன்’ என்றால் மதுரையில் யாரும் புத்தகத்தைத் தேடமாட்டார்கள். திமிர் பிடித்தவன், எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறவன் என்று பொருள். எல்லாச் சொல்லும் தனக்கே தெரியும் என்று நிற்பவனின் செருக்கு அந்த நூலின் பெயரையே ஏற்றுக்கொண்டது போலும். மீண்டும் ஏட்டுக்கு வந்தால், தேவநேயப் பாவாணர் வடமொழி ஒட்டை நீக்கி ‘அகரமுதலி’ என்று இப்பெயரைத் தூய்மை செய்தார். 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக உழைத்தார். 1981 சனவரியில் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த இடத்தில், இதே மதுரையில் மறைந்தார்.

இனி, அகரமே இல்லாத ஒரு மொழிக்கு இப்பெயரை வைத்துப் பாருங்கள். சீன எழுத்துக்கு உயிருமில்லை, மெய்யுமில்லை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை, பெரும்பாலும் ஒரு பொருள். எதை முதலில் வைப்பது? அவர்கள் கண்ட விடைகளைக் கேட்டால் நிகண்டறிந்த தமிழருக்கு உள்ளம் குளிரும். மிகப் பழைய எர்யா என்னும் நூல், உறவு, மனை, மலை, நீர், மரம், மீன் என்று பொருள்வகையால் 19 பகுதிகளாக அடுக்கியது. நம் திவாகரத்தின் வழியே அது. 601இல் தொகுக்கப்பட்ட சியேயுன் ஒலியியைபால் வரிசைப்படுத்தியது. சூடாமணியின் எதுகைக்கு அண்டை வீடு. இவற்றுக்கிடையே, ஏறத்தாழ கி.பி. 100இல், சூ சென் என்னும் அறிஞர் எழுத்துகளைப் பிரித்து, 540 உறுப்புகளின்கீழ் நிறுத்தினார். 1716இல் காங்சிப் பேரரசர் பெயரால் எழுந்த நூலில் இருந்தவை 214 உறுப்புகளே. ‘ட்சுதியென்’ என்று அதற்குப் பெயர். எழுத்துகளுக்கான நிலைநூல் என்பது பொருள். அந்த நூலின் பெயரே பிறகு எல்லா எழுத்தகராதிகளுக்கும் பொதுப்பெயர் ஆனது. நம் அகராதியும் அவர்கள் ட்சுதியெனும் ஒரு நூலின் தலைப்பில் ஏறி, பின் வகையின் பெயராகப் பரந்தவை.

அச்சுநூலில் ஒரு சீன எழுத்தைத் தேட, உறுப்பைக் கண்டுபிடித்து, மிஞ்சிய கீற்றுகளை எண்ணி, பட்டியலில் பக்கம் பார்த்து, பிறகு பக்கத்தைப் புரட்டவேண்டும். கைப்பேசியில் விரலால் எழுத்தை வரைந்தால் போதும். படக்கருவியைக் காட்டினாலும் போதும். சீனம் கற்போர் கைகளில் பெரிதும் வழங்கும் பிளெக்கோ என்னும் செயலி இவ்வளவும் செய்கிறது. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஒரு மீனின் பெயர் அது. மீன்கொடி பறந்த ஊரில் அந்தப் பெயரை மகிழ்ந்தே ஏற்கலாம். உரோமன் எழுத்தில், 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறைப்படி, ‘மா’ என்று அதில் அடித்துப் பாருங்கள். சமமாக நீளும் மா தாய். மேலேறும் மா சணல். தாழ்ந்து எழும் மா குதிரை. வெட்டி விழும் மா திட்டுதல். தாய்க்குரிய எழுத்தைத் தொட்டால் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி பெண்ணையும் மறுபாதி குதிரையையும் காட்டும். குதிரை அங்கே ஒலிக்காக மட்டும் நிற்கிறது. நம் நிகண்டுகளிலும் மா என்றால் குதிரை உண்டு. விலங்கு, மரம், வண்டு, பெருமை, திருமகள் எல்லாம் உண்டு. இந்த ஒப்புமை தற்செயல்; இதைக்கொண்டு இரு மொழிக்கும் உறவு கற்பிப்பது சொல்லாராய்ச்சி ஆகாது. ஆனால் ஓரோசைக்குள் பல பொருளைத் தாங்கிப் பழகிய செவிக்கு, சீனம் முற்றிலும் அயலன்று. நாம் பொருளைச் சூழலால் பிரிக்கிறோம். அவர்கள் அதனோடு குரலின் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு பிரிக்கிறார்கள்.

இங்கே ஒரு குறை இருக்கிறது. இத்தகைய செயலிகள் பலவற்றுக்கு ஊற்றாக இருப்பது, 1997இல் பால் டெனிசோவ்ஸ்கி தொடங்கி, இன்று சிசி-செடிக்ட் என்னும் பெயரில் தன்னார்வலர் வளர்க்கும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட திறந்த அகராதி. அது சீனத்துக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்வது. ஆகவே மதுரையில் சீனம் பயிலும் மாணவர் ‘தாங்’ என்னும் சொல்லைத் தேடினால், ‘சுகர்’ என்பதைக் கடந்துதான் நம் சீனிக்கு வரவேண்டியிருக்கிறது. தென்பாண்டி நாட்டார் சர்க்கரை என்னாமல் சீனி என்பதும், அப்பெயர் சீன நாட்டின் பெயரிலிருந்தே வந்ததும், கொத்தவரைக்கு இங்கே சீனியவரை என்று பெயர் வழங்குவதும் அந்த வழியில் எங்கும் தென்படுவதில்லை.

சீனர்கள் 1963 முதல் தம் வானொலியில் தமிழில் பேசிவருகிறார்கள். நம்மவருள் பயணி என்னும் புனைபெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன் சீன மொழியைத் தமிழில் அறிமுகம் செய்து நூல் எழுதினார். சீனத்தின் தொன்மையான கவித்தொகையிலிருந்து நேரே மொழிபெயர்த்தும் தந்தார். 1998 பொங்கலில் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மின்னூல் பணி, சங்கம் வளர்த்த ஊரின் பெயரைச் சூடி மதுரைத் திட்டம் ஆயிற்று. உலகெங்கும் இருந்த தமிழர் ஊதியமின்றித் தட்டச்சிட்டே அதை வளர்த்தனர். அதே முறையில் சீனச் சொற்களுக்குத் தமிழ்ப்பொருள் எழுதும் வேலையையும் தொடங்கலாம். உறுப்பு, கீற்று, எடுத்தலோசை, படுத்தலோசை என்று அதற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் உள்ளன. சீனமும் தமிழும் அறிந்தவர் நாளொன்றுக்குப் பத்துச் சொல்லாவது எழுதித் தாருங்கள். சீனம் அறியாத சொல்லன்பர்கள் அவற்றைத் திருத்தி அகர வரிசையில் அடுக்கித் தாருங்கள்.